தோள் மெத்தை

அக்காவுக்கு வயிறு எரிந்தால் அது தையல் மிஷினில் கேட்கும். நான் அவள் கடையில் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுகிறவள். ஜன்னல் வெளிச்சத்துக்காக அவளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். இருந்தாலும் அவள் தங்கை கடைக்கு வந்துவிட்டுப் போன நாள் எது, வராத நாள் எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வந்துவிட்டுப் போன நாளில் நூல் அடிக்கடி அறும். அக்கா நூலைத் திட்டுவாள். நூல் என்ன பண்ணும், பாவம்.

தங்கை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துப் பழம் வாங்கி வருவாள். அவள் சிரித்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எந்நேரமும் வாயில் விசில். பொண்டாட்டி தெருவில் நடந்து போவதைப் பார்த்துவிட்டால் வேனை மெதுவாக்கி, உள்ளே இருக்கிற பிள்ளைகள் எல்லோரையும் கைகாட்டச் சொல்வார். அக்காவின் புருஷன் தபால்காரர். தங்கமான மனுஷன், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். "ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோய்க் கொடுக்கறார், வீட்டுக்கு ஒரு வார்த்தை கொண்டுவர மாட்டேங்கறார்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

சின்ன வயதில் புதுத்துணி எடுப்பது அக்காவுக்குத்தானாம். அவளுக்குப் பத்தாமல் போனதும் அதைப் பிரித்துத் தங்கைக்குத் தைத்துப் போடுவார்கள். பிரித்துத் தைக்கிற வேலையும் அக்கா தலையில்தான் விழுந்தது. தையல் கற்றுக்கொண்டதே அப்படித்தான். "நான் போட்டப்போ ஒரு நாய் திரும்பிப் பார்க்கல. அதே துணி, நானே தச்சது, அவ போட்டதும் எங்க எடுத்தீங்கன்னு வீடு தேடி வந்து கேட்டாங்க" என்பாள். இந்தக் கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கோபம் மட்டும் புதுசாக வரும்.

தங்கையிடம் இல்லாமல் அக்காவிடம் மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று. பெட்டி தூக்குகிற அன்றைக்குத் தண்ணீர்க் கிண்ணம் அவள் கையில் இருக்கும்.

பெட்டி என்றால் எங்கள் தொழுகிற கூடத்தில் இருக்கிற மரப்பெட்டி. ஆள் நீளம், மேலே பித்தளைத் தகடு. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கும் பதில் கிடைத்ததில்லை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் இக்கரை, பாலம் தாண்டினால் அக்கரை. இரண்டு கரையும் கும்பிடுவது ஒரே கடவுளை. வேண்டிக்கொள்கிற வார்த்தை கூட ஒன்றுதான். அப்படியிருந்தும் பெட்டி யாரிடம் இருப்பது என்று ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள். பெட்டியின் ஒரு மூலையில் கோடாலி பட்ட தடம் இன்னமும் இருக்கிறது, அதன்மேல் கைவைத்துத்தான் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

அதற்கப்புறம் யாரோ ஒரு புத்திசாலி வழி கண்டுபிடித்தார். பாதி வருஷம் பெட்டி இங்கே, பாதி வருஷம் அங்கே. கொண்டுபோகும்போது பெட்டிக்கு அடியில் இரண்டு நீள மரத்தண்டு கொடுத்து, இடது தண்டை இக்கரை ஆட்களும் வலது தண்டை அக்கரை ஆட்களும் தூக்க வேண்டும். தூக்குகிறவன் இரண்டு கையாலும் தண்டைப் பிடித்திருக்க வேண்டும். இதைப் பக்தி என்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு கரையிலும் இருக்கிற முரட்டு ஆட்களாகப் பொறுக்கியெடுத்து, அவர்கள் கையைக் கடவுள் பேரைச் சொல்லிக் கட்டிப்போட்ட தந்திரம் அது. பிடித்த கையால் அடிக்க முடியாதே.

பெட்டியின் மேல் விளிம்பு வரைக்கும் நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை வைப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாகப் போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எந்தப் பக்கம் தண்ணீர் சிந்துகிறதோ, எதிர்ப்பக்கத்தான் தன் தண்டை உயர்த்தி அந்தப் பக்கத்தைத் தாழ்த்திவிட்டான் என்று அர்த்தம். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவனும் தனக்கு எதிரில் நடந்தவனின் சட்டையைக் கழற்றி அவன் தோளைக் கழுவிவிட வேண்டும். அடுத்தவன் தோளில் தண்டு பதிந்த சிவப்பை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு அவனோடு சண்டைக்குப் போவது கொஞ்சம் கஷ்டம்தான்.

இக்கரையிலிருந்து கிளம்பும்போது கிண்ணத்தை நிரப்புகிறவள், இடது தண்டில் முதலாவதாக நிற்கிறவரின் மனைவி. முதலாவதாக நிற்கிறவருக்கு முன்தோள் என்று பேர். தபால்காரர் கல்யாணமான காலத்திலிருந்தே முன்தோள். அன்றைக்கு அக்கா கூடத்துப் படிமேல் நின்று தண்ணீர் ஊற்றும்போது இரண்டு கரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். தங்கை கூட்டத்தில் எங்கேயோ நிற்பாள். அந்த ஒரு நாளை வைத்து மீதி வருஷத்தை ஓட்டிவிடுவாள் அக்கா.

இந்த வருஷம் அது போய்விட்டது.

தூக்குகிறவர்களின் தோள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே கூடத்துச் சுவரில் நிறுத்தி அளவெடுப்பார்கள். குட்டையானவர்களுக்குத் தோளில் மெத்தை கட்டிச் சரிசெய்வது வழக்கம். அந்த மெத்தைகளைத் தைப்பது அக்காதான். இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகக்கூடாது, போனால் உருளும். கூடத்துச் சாவி வைத்திருக்கிறவரை நாங்கள் சாவிக்காரர் என்போம். அவர்தான் சுவரில் பென்சில் கோடு போட்டார். இடது தண்டு ஏறுவது வலது தோளில். பை மாட்டி மாட்டித் தபால்காரரின் வலது தோள் இறங்கிப்போயிருந்தது.

"ரெண்டு விரல் மெத்தை வச்சாலும் எட்டலைங்க. இந்தத் தடவை ரெண்டாவதா நில்லுங்க, அங்க கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல" என்றார் சாவிக்காரர்.

அடுத்து வேன்காரரை நிறுத்தினார்கள். அக்கரை முன்தோளான ரொட்டிக்கடைக்காரரின் அளவுக்கு மெல்லிய மெத்தை ஒன்று போதும் அவருக்கு.

"சகலை, நான் வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் வேன்காரர்.

"சும்மா நில்லுங்க" என்றார் தபால்காரர். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவருக்கும் சேர்த்து அக்கா முகத்தில் இருந்தது.

சாவிக்காரர் தங்கையைப் பார்த்து, "அப்ப கிண்ணம் உன் கையிலம்மா" என்றார். தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். "அக்காவே ஊத்தட்டுமே. அவளுக்குத்தானே பழக்கம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கடைக்கு வந்ததும் அக்கா பொரிந்தாள். "எனக்குப் பிச்சை போடறாளாம். என் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு எனக்கே பிச்சை போடறா பார்த்தியா?"

"அவ என்னக்கா பண்ணுவா? அளவு அப்படி வந்திருச்சு" என்றேன்.

"அளவு! எல்லா அளவும் அவளுக்கே சரியா இருக்கும். நான் போட்டுப் பழசாக்கினது எல்லாம் அவளுக்குன்னே தச்ச மாதிரி இருக்கும்."

மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். நான் என் பொத்தான் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த தபால்காரரின் பழைய நீலக் கம்பளிக் கோட்டு ஒரு நாள் காணாமல் போனது. இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற துணிக்கு வெட்டியிருப்பாள் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

அவள் கணக்கு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாலத்தடியில் பெட்டிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். முன்தோளுக்கு முடியவில்லை என்றால் அங்கே இரண்டாவது ஆள் முன்னால் வரலாம். ஆள் மாறினால் கிண்ணத்தை மறுபடி நிரப்ப வேண்டும், புது முன்தோளின் மனைவி நிரப்ப வேண்டும். மெத்தையில் வைக்கிறது பஞ்சு. பஞ்சு பாரத்தில் அமுங்கும், அதைக் கணக்குப் பண்ணித்தான் தைப்பாள். வேன்காரரின் மெத்தையில் அவள் பஞ்சுக்குப் பதிலாகக் கோட்டுத் துணியை மடித்து மடித்து, இரண்டு விரல் முழுத் தடிமனுக்கும் இறுக்கித் தைத்துவிட்டாள். கைக்கு மற்ற மெத்தை மாதிரிதான் இருக்கும், ஆனால் பாரத்தில் அமுங்காது. தண்டு வேன்காரரின் தோளில் மட்டும் உயர்ந்து நிற்கும், பின்னால் இருக்கிறவர்களின் பாரமும் அவர் ஒருத்தர் தலையில் இறங்கும். பாலத்தடிக்கு வருவதற்குள் மனுஷன் திணறிப் போய், "சகலை, நீங்க வாங்க" என்று கூப்பிடுவார். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. யாரும் சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. பொறாமைக்காரர்கள் எப்போதும் சின்னதாகத்தான் ஆசைப்படுகிறார்கள்.

பெட்டி கிளம்புகிற நாள் நல்ல வெயில். தங்கை வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தாள். அதற்கு ஓரம் தைத்துக் கொடுத்ததும் அக்காதான். படிமேல் நின்று தங்கை கிண்ணத்தை நிரப்பினாள், இரண்டு சொட்டு விரலில் வழிந்தது. "என்ன அழகா ஊத்தறா பாரு" என்று என் பக்கத்தில் ஒரு கிழவர் சொன்னார். சிந்தாமல் ஊற்றின வருஷமெல்லாம் அந்தக் கிழவர் எங்கே போயிருந்தார் என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

தூக்கினார்கள். கடைவீதி தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேன்காரர் வழக்கம்போல விசிலடிக்கவில்லை, அதை மட்டும் கவனித்தேன். அவருக்குப் பின்னால் தபால்காரர் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார். அவர் தோளில் தண்டு பட்டும் படாமலும் இருந்திருக்கிறது. எட்டிப் பிடித்துக் கொஞ்சமாவது தாங்கிவிட வேண்டும் என்று பார்த்திருக்கிறார். முன்னால் வேன்காரரின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பாலத்தடியில் முட்டுக் கொடுத்தபோது சாவிக்காரர் கேட்டார்.

"மாத்திக்கிறீங்களா?"

வேன்காரருக்கு மூச்சு வாங்கியது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள், கையைக் கூட இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. முதல் தடவை நிக்கறேன். சகலை நின்ன இடம். பாதியில விட்டா அசிங்கம்" என்றார் வேன்காரர்.

அக்காவின் கணக்கில் இது இல்லை. நல்லவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பொறாமைக்காரர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாது.

பாலத்தின் ஏற்றத்தில் அது நடந்தது. பெட்டி வலது பக்கம் சாய்ந்திருப்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோனது. தண்ணீர் விளிம்பில் ஒரு தடவை நின்று பார்த்தது, அப்புறம் சளப்பென்று ரொட்டிக்கடைக்காரரின் பிடரியில் கொட்டியது.

"தூக்கறான் பாரு! இக்கரைக்காரன் வேணும்னே அவன் பக்கத்தைத் தூக்கறான்!" என்று அக்கரைக் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"உங்க ஆளுக்குத் தாங்க வக்கில்லன்னு சொல்லு!" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன்.

அவ்வளவுதான். இரண்டு கரையிலும் கை கட்டப்பட்டிருந்தது தூக்குகிறவர்களுக்கு மட்டும்தானே. மற்றவர்கள் கை சும்மாதான் இருந்தது. சட்டையைப் பிடித்தார்கள், செருப்பு பறந்தது. வேண்டிக்கொள்கிற அதே வார்த்தைகளை இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். காலையில் அந்த வார்த்தைகளைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. இப்போது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். யாரோ எறிந்த செங்கல் ஒன்று வேன்காரரின் நெற்றியில் விழுந்தது.

அவர் தண்டை விடவில்லை. விட்டிருந்தால் பெட்டி மொத்தமாக வலது பக்கம் சரிந்து ரொட்டிக்கடைக்காரரைப் பாலத்துச் சுவரோடு நசுக்கியிருக்கும். இரத்தம் கண்ணுக்குள் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

பெட்டி தூக்குகிறவன்மேல் அடி விழுந்தது எங்கள் நினைவில் இல்லாத விஷயம். அதைப் பார்த்ததும் இரண்டு கூட்டமும் ஒரு நிமிஷம் உறைந்துபோய் நின்றது. அந்த நேரத்துக்குள் சாவிக்காரர் முட்டுக் கழிகளைக் கொடுத்துப் பெட்டியை நிறுத்திவிட்டார்.

"எவனும் வாயைத் திறக்கக்கூடாது. தோள் கழுவறதை இங்கயே வச்சுக்கலாம். அதுக்கப்புறம் அடிச்சுக்கறதுன்னா அடிச்சுக்கங்க. முதல்ல முன்தோள்" என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் முரட்டு ஆள், முன்கோபி. ஈரச்சட்டையோடு வந்து நின்றார். "என் தலையில தண்ணி ஊத்தினவனுக்கு நான் கழுவணுமா?" என்றார். இருந்தாலும் சடங்கு சடங்குதானே. முறைத்துக்கொண்டே வேன்காரரின் மெத்தையை அவிழ்த்தார், சட்டையை விலக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

தோளில் சிவப்பு இல்லை. தோலே இல்லை.

"யோவ்... இது ஒருத்தன் சுமந்த பாரம் இல்லையே" என்றார் மெதுவாக. கையிலிருந்த மெத்தையைப் பார்த்தார். தினமும் மாவைப் பிசைகிற கை அது. அமுக்கிப் பார்த்தார், இன்னொரு தடவை அமுக்கினார். பல்லால் கடித்துத் தையலைக் கிழித்தார். உள்ளேயிருந்து நீலக் கம்பளி மடிப்பு மடிப்பாக வந்தது. ஒரு மடிப்பில் தபால் இலாகாப் பொத்தான் வைத்த இடத்தில் நூல் கூட அப்படியே இருந்தது. அந்தக் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு கரைக்கும் கடுதாசி கொடுத்தவர் ஒரே ஆள்தான்.

எல்லோர் பார்வையும் தபால்காரர்மேல் போனது.

"பார்த்தீங்களா! திட்டம் போட்டுத்தான் தூக்கியிருக்கானுங்க!" அக்கரைக் கூட்டத்தில் ஒருவன் கம்பை ஓங்கினான். எங்கள் பக்கத்து ஆட்கள் தபால்காரருக்குக் காவலாகச் சுற்றி நின்றார்கள். அவர்கள் கையிலும் இப்போது கல் இருந்தது.

தபால்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவே இல்லை. "என் கோட்டுதான்" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் பேசியதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் பொய் கிடையாது. ஆனால் மீதியை விழுங்கிக்கொண்டு பழியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் புருஷன் மண்டை உடையும், இரண்டு கரையும் மறுபடி கோடாலி எடுக்கும். வாயைத் திறந்தால் தங்கைக்கு முன்னால் நிர்வாணமாக நிற்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு எது பெரிசு என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

"நான் தச்சது" என்றாள். யார் காதிலும் விழவில்லை. மறுபடி கத்தினாள். "நான்தான் தச்சேன்! அவருக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கரையும் இல்ல, எங்க கரையும் இல்ல. உங்களை எனக்கு என்னத்துக்கு? எனக்கு என் தங்கச்சியைப் பிடிக்கல!"

கம்பை ஓங்கினவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"கிண்ணம் அவ கைக்குப் போயிடுச்சு. என்னால தாங்க முடியல. இவர் பாலத்தடியில முடியலன்னு விட்டுடுவார், என் புருஷன் முன்னாடி வருவார், நான் ஊத்துவேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். என்னை அடிக்கணும்னா அடிங்க. என் கையில கம்பில்ல, கல்லில்ல, இந்த ஊசிதான் இருக்கு." தோளில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியைப் பிடுங்கி நீட்டினாள்.

ரொட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்தார், அந்த ஊசியைப் பார்த்தார். அப்புறம் அவருடைய பெரிய தொப்பை குலுங்கியது. "எங்க அண்ணன் கடை வச்சப்போ அவன் அடுப்புல நான் தண்ணி ஊத்தினேன்" என்றார். "இதுக்குப் போயி எவன்டா செங்கல் எறிஞ்சது?"

முதலில் பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சிரித்தார்கள். கடவுள் சண்டையில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், ஆனால் அக்கா தங்கை சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறதே. கம்பு இறங்கியது, கல் தரையில் விழுந்தது. செத்துப் பிழைத்தோம் என்று நானும் சிரித்தேன். ஊரே சிரிக்கும்போது நடுவில் ஊசியோடு நின்றவளை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னமோ பண்ணுகிறது.

ரொட்டிக்கடைக்காரர் வேன்காரரின் தோளைக் கழுவினார். அவ்வளவு பெரிய கை அவ்வளவு மெதுவாக அசைந்து நான் பார்த்ததில்லை. "என்னைக் காப்பாத்தத்தானே விடாம நின்னே? முட்டாப்பயலே" என்று திட்டிக்கொண்டே கழுவினார்.

பெட்டி பாலத்தில் நிற்கக்கூடாது. வேன்காரரால் இனி முடியாது.

"நீங்க முன்னாடி வாங்க" என்றார் சாவிக்காரர் தபால்காரரிடம். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அந்த மெத்தையை அவர் அளவுக்கு மாத்தித் தைம்மா" என்றார்.

அக்கா பாலத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு கரையும் சுற்றி நின்று பார்த்தது. இரத்தம் பட்ட கம்பளியை மடித்துப் பார்த்தாள், புருஷன் தோளில் வைத்து ரொட்டிக்கடைக்காரரின் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எத்தனை மடிப்பை எடுக்க வேண்டும், எத்தனை சேர்க்க வேண்டும் என்று விரலால் அளந்தாள். அப்புறம் அவள் கை நின்றுபோனது.

எதையும் எடுக்க வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். அமுங்காத அந்தக் கம்பளி அவர் இறங்கின தோளுக்கு அப்படியே சரியாக இருந்தது. தங்கை புருஷனுக்குக் கெடுதல் தைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பழகின கை தன் புருஷனுக்கு அளவு தைத்து வைத்திருக்கிறது. பஞ்சுக்குப் பதில் கம்பளி வைத்திருந்தால் அவரே இந்த வருஷமும் முன்தோளாக நின்றிருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊரிலேயே அது தோன்றியிருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவளோ தங்கையையே நினைத்துக்கொண்டு தைத்தாள்.

கிழிந்த வாயை மட்டும் மூடித் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். தபால்காரர் குனிந்து தோளைக் கொடுத்தார். கட்டிவிடும்போதும் அவர் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்தது கிண்ணம். அது தங்கை கையில் இருந்தது. அவள் புருஷன் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். சால்வை இல்லை, அதைக் கிழித்து அவர் நெற்றியில் கட்டியிருந்தாள்.

"நீயே ஊத்தும்மா" என்றாள் அக்கா. கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

"முன்தோளோட பொண்டாட்டிதானே ஊத்தணும். பிடி."

"நான்..."

"பிடி அக்கா. இதுக்குத்தானே இவ்வளவும்." தங்கை குரல் உயரவில்லை. கிண்ணத்தை அக்கா கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஊற்றினாள். சாவிக்காரர் கொடுத்த குடத்தை இடுப்பில் வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவள் அளவுக்கு யாராலும் ஊற்ற முடியாது, இதை அவள் எதிரி கூட ஒத்துக்கொள்ள வேண்டும். பெட்டி எழுந்தது. இடமும் வலமும் ஒரே மட்டம். இரண்டு கரையும் சேர்ந்து வேண்டிக்கொள்கிற வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தது, காலையில் இருந்த குரலிலேயே. ரொட்டிக்கடைக்காரரும் தபால்காரரும் காலை எட்டி வைத்தார்கள். இரண்டு பேரின் நாலு கையும் தண்டில் இருந்தது. கூட்டம் பெட்டியோடு அக்கரைக்கு நகர்ந்தது.

நானும் போயிருப்பேன். அக்கா நகராததால் நின்றேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, பாலத்துச் சுவர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தங்கை கீழே உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவர் ஏதோ சொன்னார், என்னவென்று எங்களுக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த தங்கை அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். அவர் தோள் பிழிந்த துணி மாதிரி இருந்தது, ஆனாலும் கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் துடைத்தார்.

"என்னக்கா, போலாமா?" என்றேன்.

கிண்ணம் நிரப்பின குடம் அவள் இடுப்பில் இருந்தது. அவள் ஆசைப்பட்டது எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. புருஷன் முன்தோள், ஊரே பார்க்க அவள் கையால் தண்ணீர்.

"அவர் அப்படி என்ன சொல்லியிருப்பார்?" என்றாள் அக்கா. "என்கிட்ட ஒரு நாள் கூட அப்படி யாரும் ஒண்ணும் சொன்னதில்லடி."